டாக்டரிடம் நான் மறைத்த மாத்திரை

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதப் பள்ளி விடுமுறையில், பெங்களூரு ஜோகுபாளையத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். வெட்கப்படுகிற மாதிரி விஷயம். ஆனால் அந்த வெட்கத்தால்தான் அன்றைக்கு என் உயிருக்கே ஆபத்து வர இருந்தது என்பதால், இனி அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பிரயோஜனமில்லை என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு ஈரோடு. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். கணவர், பதினாலு வயது மகள், மாமனார், நான் என்று வீட்டில் நாலு பேர். மாமியார் காலமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. மாமனார் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு அளவாகத்தான் வரும். கல்யாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் அவரும் நானும் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு நோட்டில் பத்துப் பக்கம் தேறாது. "ஏம்மா, பேப்பர் வந்துருச்சா?" என்பார். "வந்துருச்சுங்க மாமா" என்பேன். அவர் ஹாலுக்கு வந்தால் நான் எழுந்துவிடுவேன். நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இதற்கு எங்கள் பக்கம் மரியாதை என்று பெயர். உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்குமே அது சௌகரியமாக இருந்தது.

வீட்டில் எதற்கும் நாள் குறிப்பது மாமனார்தான். ஹாலில் அவர் நாற்காலிக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்ன தேதி கெளம்பறோம்" என்பார். கிளம்பிவிடுவோம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வருடம் அவர் குறித்தது கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்கு. மாமியார் போக ஆசைப்பட்டு, கடைசிவரை போக முடியாமலே போன கோயில். முதலில் பெங்களூரில் மகள் வீட்டில் நாலு நாள் தங்குவது, அங்கிருந்து இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேனில் கொல்லூர் போவது என்று ஏற்பாடு.

அவர் தேதியைச் சொன்னதும் நான் அடுப்படியில் நின்று விரல் விட்டு எண்ணினேன். சரியாகக் கோயிலில் நிற்கப்போகும் அன்றைக்குத்தான் எனக்கு வரும். பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன். மாதவிலக்கைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்திக் கேட்டால், கடைக்காரர் நம் முகத்தைப் பார்க்காமல் எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார். பழனிக்குப் போகும்போது, கொழுந்தனார் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு, மாரியம்மன் பண்டிகைக்கு என்று நான் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. டாக்டரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே கிடையாது. மாமனாரிடம் போய்த் தேதியை மாற்றுங்கள் என்று சொல்வதைவிட ஒரு மாத்திரையை விழுங்குவது சுலபம் இல்லையா? என்னால் ஒரு பயணம் தள்ளிப்போனது என்ற பேரை நான் வாங்கியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இந்தத் தடவை எதற்கும் இருக்கட்டும் என்று ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

காரில்தான் போனோம். பின் சீட்டில் என் காலடியில் முறுக்கு டின், நாத்தனாருக்கு எண்ணெய் கேன், அவள் கேட்டாளே என்று ஒரு கட்டு முருங்கைக்காய். காலை நீட்ட இடமில்லாமல் மடக்கியே உட்கார்ந்து வந்தேன். பெங்களூரு எல்லையில் பொம்மசந்திராவைத் தொட்டதும் வண்டி நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. வீடு போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆனது.

அடுத்த இரண்டு நாளும் சுற்று சுற்றென்று சுற்றினோம். லால்பாக், கப்பன் பார்க், சிவாஜி நகரில் லைனிங் துணி வாங்க மட்டும் எனக்கு ஒரு மதியம். மூன்றாம் நாள் காலையில் இடது கெண்டைக்காலில் வலி. கல்லாட்டம் இறுகிக்கிடந்தது. நாத்தனார் தொட்டுப் பார்த்துவிட்டு, "லால்பாக் பாறை மேல ஏறுனீங்கல்ல அண்ணி, அங்கதான் பிசகியிருக்கும்" என்றாள். எனக்குப் பிசகிய ஞாபகம் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதும் பிசகியதாகவே தோன்றிவிட்டது. அவளே யார் யாருக்கோ போன் போட்டு, ஸ்ரீராம்புரத்தில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரைப் பிடித்துவிட்டாள். "நாளைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு வீட்டுக்கே வர்றாராம் அண்ணி. நல்லா அழுத்தி ஒரு உருவு உருவுனா போதும், ஏழு மணிக்கு வேன்ல ஜம்முனு ஏறிடுவீங்க" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எப்படியாவது வேனில் ஏறிவிட வேண்டும்.

நாலாம் நாள் காலையில் கணவர், மகள், நாத்தனார் குடும்பம் எல்லோரும் அறிவியல் மியூசியத்துக்குப் போய்விட்டார்கள். நான் காலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று இருந்துகொண்டேன். மாமனாருக்கு மியூசியத்தில் எல்லாம் நாட்டம் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

பதினோரு மணிக்கு அவருக்குக் காப்பி கொண்டுபோனேன். அடுப்படியில் இருந்து ஹாலுக்குப் பத்தடி இருக்காது. காலை ஊன்ற முடியவில்லை. டம்ளர் ஆடி, பாதிக் காப்பி தட்டில் கொட்டிவிட்டது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நான் புடவையை இழுத்து விடுவதற்குள் பார்த்துவிட்டார்.

"கொலுசு சதைக்குள்ள போயிருக்குது பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். வலது காலில் கொலுசு வழக்கம்போலப் பாதத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இடது காலில் அது தசைக்குள் பதிந்து, சுற்றிலும் சிவந்திருந்தது. "சுளுக்குதானுங்க மாமா, சாயந்தரம் ஆள் வருதுங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு."

"மியூசியத்துல இருந்து அவரு வந்துரட்டுங்க மாமா."

"அவன் வர்றப்ப வரட்டும். நாம போலாம்."

ஆட்டோவில் மாமனாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. நடுவில் என் கைப்பையை வைத்துக்கொண்டேன். அவர் ஓரக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சார், ஸ்வல்ப உள்ள தள்ளி உக்காருங்க, பஸ்காரன் உரசிட்டுப் போயிடுவான்" என்றார். மாமனார் ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்தார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, கூட வந்தவர் என்ன உறவு என்றாள். "அப்பா" என்றார் மாமனார். விளக்கம் சொல்லச் சோம்பலாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கன்னடத்துக்காரர் என்றாலும் தமிழ் நன்றாகவே பேசினார். காலை அழுத்திப் பார்த்தார். எப்படி ஆனது என்றார். லால்பாக் பாறையில் பிசகிவிட்டது என்று, நேரில் பார்த்தது மாதிரி சொன்னேன். எந்த இடம், எந்தக் கல் என்பது வரை சொல்லிவிட்டேன். அடுத்து வழக்கமான கேள்விகள். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா? இல்லை, இல்லை. "வேற மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா? பீரியட்ஸ் சம்பந்தமா, ஹார்மோன் மாத்திரை மாதிரி?"

மாமனார் எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடமாக அந்த வார்த்தையின் பக்கத்தில்கூட நாங்கள் போனதில்லை. கோயிலுக்குப் போகிற நேரம் வேறு. அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்?

"இல்லீங்க டாக்டர்."

"கடைசியா பீரியட்ஸ் எப்போ?"

"சரியா ஞாபகம் இல்லீங்க."

மாமனார் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். பாவம், மனுஷனுக்குச் சங்கடமாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்ன பொய்யை எப்படித் திருப்பி வாங்குவது என்று வாயை மூடிக்கொண்டேன். டாக்டர், தசைப்பிடிப்பு மாதிரி இருக்கிறது, கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பாருங்கள் என்று சீட்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு நிம்மதி. ஏழு மணி வேனுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

அப்போது நர்ஸ் உள்ளே வந்தார். டாக்டரிடம் குனிந்து ஏதோ சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்கப்பா வெளிய வந்து எல்லாம் சொல்லிட்டாரு. கோயிலுக்குப் போறதுக்காக நீங்க ஏதோ மாத்திரை போடறீங்களாம். அவரு எதிர்க்க சொல்ல மாட்டீங்கன்னு என்னைக் கேக்கச் சொன்னாரு. எத்தன நாளா போடறீங்க?" என்றார்.

யாருடைய அப்பா என்று ஒரு நொடி எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. கைப்பையைத் திறந்து, பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த பேப்பர் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "பதினோரு நாளாங்க" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிட்டுடன் பிடிபட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் டேப்பை எடுத்து என் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் டேப் வைத்து அளக்கிற எனக்கு, என் ஒரு கால் இன்னொரு காலைவிட இத்தனை பருத்திருப்பது இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. எட்டு மணி நேரம் காலை மடக்கி வந்ததை, நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காருவதை எல்லாம் கேட்டுக்கொண்டார். ஸ்கேனுக்கு அனுப்பினார். காலுக்குள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் அந்த மாத்திரையும் நீண்ட பயணமும் சேர்ந்தால் சிலருக்கு ஆகும், அதனால்தான் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்றார்.

"யாராவது உருவி விட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க. சாயந்தரம் நாலு மணிக்கு வர்றாருங்க."

டாக்டர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அழுத்தி உருவினால் அந்தக் கட்டி கழன்று நேராக நுரையீரலுக்குப் போகலாம், போனால் காப்பாற்றுவது கஷ்டம் என்று பொறுமையாக விளக்கினார். இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் கேட்ட கேள்வி இதுதான்: "அப்ப இன்னைக்கு ராத்திரி கொல்லூர் போக முடியாதுங்களா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

வார்டில் படுக்க வைத்து, வயிற்றில் ஊசி போட்டார்கள். கணவருக்கு மாமனார் போன் செய்திருந்தார். மியூசியத்தில் இருந்து அவர்கள் வந்துசேர நேரமாகும். அதுவரை என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். எழுந்து நிற்க வேண்டும் என்று பழக்கத்தில் கால் துடித்தது. காலை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முதல் தடவையாக அவர் முன்னால் படுத்தே கிடந்தேன். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஆவதைப் பார்த்தேன். ஜோகுபாளையத்தில் பூட்டிய வீட்டின் முன்னால் ஒரு மனிதர் அழைப்பு மணியை அழுத்திக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது.

மாமனார் கேண்டீனில் இருந்து காப்பி வாங்கி வந்திருந்தார். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, சிந்தாமல் என் கையில் கொடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கத்தையும் இதையேதான் பண்ணுவா. நான் தேதி சொல்லுவேன். மறுநாள் மெடிக்கலுக்குப் போயிட்டு வருவா. அரிசி டப்பாக்குள்ள வெச்சிருப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டா."

நான் காப்பியில் ஒரு வாய் குடித்தேன்.

"நீ வந்து பதினெட்டு வருசமாச்சு. ஒரு கோயிலுக்கும், ஒரு விசேசத்துக்கும், தேதி ஆகாதுன்னு நீ சொன்னதில்ல. எல்லாத் தேதியும் எப்படி ஆகும்? எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் தேதி குறிச்சேன். ஒரு வார்த்தை கேட்டா என் வாயா வலிச்சுப் போகும்?" துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அம்பாள் எங்கயும் போயிர மாட்டா, கண்ணு. நீ படு."

எங்கள் பக்கம் பெற்ற பெண்ணைத்தான் கண்ணு என்பார்கள். நாத்தனாரை அப்படிக் கூப்பிட்டு ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். என்னை எப்போதும் "ஏம்மா"தான். வரவேற்பில் அவர் அப்பா என்று சொன்னது சோம்பலால் இல்லை என்று அப்போது புரிந்தது. காப்பி டம்ளரை வைத்துவிட்டு அழுதேன். அவர் எழுந்து போகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கணவர் என் காலைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். சுளுக்குக்காரரை ஏற்பாடு செய்ததே தான்தான் என்று நாத்தனார் ஓவென்று அழுதாள். விஷயம் முழுக்கத் தெரிந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, தன் கைப்பையைத் துழாவினாள். உள்ளேயிருந்து அதே மாதிரி ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து, வார்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவளுக்கும் அதே தேதியாம்! நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், நர்ஸ் வந்து அதட்ட வேண்டியதாகிவிட்டது.

நாலு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு வாரம் ஜோகுபாளையம், பிறகு ரத்தம் உறையாமல் இருக்க ஆறு மாதம் வேறு மாத்திரை. கால் சரியாகிவிட்டது. இனி அந்தப் பொட்டலத்தின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். கோயிலுக்கு எப்போது போகலாம், போகக் கூடாது என்று நியாயம் பேச எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்த நாட்களில் நான் சாமி அறைக்குப் போவதில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் கூசுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் தை மாதம் ஒரு நாள், நான் மெஷினில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் வந்தார். இப்போதெல்லாம் நான் எழுந்திருப்பதில்லை. ஹாலில் இருந்த காலண்டரை ஆணியோடு கழற்றாத குறையாக எடுத்துவந்து, மெஷின் மேல் என் முன்னால் வைத்தார். "கொல்லூருக்கு ஒரு நாள் பாரு. உனக்கு எது தோதோ அதைச் சொல்லு" என்றார்.

எனக்குக் காலண்டர் பார்த்துப் பழக்கமில்லை. தடுமாறித் தடுமாறித் தாள்களைத் தூக்கி, மாசிக் கடைசியில் ஒரு தேதியைச் சொன்னேன். உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த என் மகள், புத்தகத்தில் இருந்து தலையைக்கூடத் தூக்காமல், "தாத்தா, அந்த வாரம் எனக்கு பீரியட்ஸ் வரும். அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று சத்தமாகச் சொன்னாள். ஊசி விரலில் ஏறிவிட்டது.

மாமனார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சரி கண்ணு" என்றார். மேற்கொண்டு ஏழு தாளைப் புரட்டினார்.

அந்த மாசி முடிந்து நாங்கள் கொல்லூர் போய்வந்துவிட்டோம். சந்நிதியில் நின்றபோது எனக்காக நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. இங்கே வர ஆசைப்பட்டு, ஒவ்வொரு தடவையும் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு மாத்திரையைத் தேடிய என் மாமியாருக்கு, அந்த ஏழு தாள் புரளும் சத்தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று மட்டும்தான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.